இணையத்தளமும் ஓர் அமானிதமே!

கல்லில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. ஓலையில் எழுதிய காலம் அதனைத் தொடர்ந்தது. தாளில் அச்சிட்ட காலம் நம் பாட்டன்மார் கண்டது. இன்றோ ஒரு கல்வி நிறுவனத்தின் தலைவாயிலாக அதன் இணையத்தளம் விளங்குகின்றது. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் தாய், தம் மகளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று கைப்பேசியில் பார்க்கிறார். வளைகுடா நாட்டில் உழைக்கும் பழைய மாணவர், தம் கல்லூரியின் விழாச் செய்தியை அங்கிருந்தே படித்து மகிழ்கிறார். இவ்வளவு பெரிய வசதி நம் கைக்கு எட்டியிருப்பது இறைவனின் அருட்கொடை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், தளம் தொடங்குவதில் நாம் காட்டும் ஆர்வத்தை அதைக் காப்பதில் காட்டுகிறோமா? திறப்பு விழாவிற்குச் சிறப்பு விருந்தினரை அழைக்கிறோம்; பொத்தானை அழுத்தச் செய்கிறோம்; படம் எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பின் அத்தளத்தின் சாவி யாரிடம் உள்ளது என்று கேட்டால், பல நிறுவனங்களில் விடை கூற ஆளில்லை. இணையத்தளத்தை விளம்பரப் பலகையாகக் கருதுவதால் வரும் குறை இது. மாணவரும் பெற்றோரும் கொடையாளரும் நம்மை நம்பி ஒப்படைத்த செய்திகள் அதில் உள்ளன. ஆதலால் அது ஓர் அமானிதம். அமானிதத்திற்குரிய திட்டமும் காவலும் கணக்கும் அதற்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தில்லை தரும் பாடம்

நம் மாவட்டத்துச் சிதம்பரத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியைத் தமிழிலக்கிய வரலாறு படிக்கும் மாணவர் அனைவரும் அறிவர். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் மூவரின் கை அடையாளமிட்டுப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன என்றும், மூவரும் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்று கூறப்பட்டது என்றும், மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. திறந்து பார்த்தபோது ஏடுகளைச் செல் அரித்திருந்தது. எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பியின் துணையால் தொகுக்க முடிந்தது என்பது மரபு.

இதை வரலாறு என்று கொள்வாரும் உளர். புராணம் என்று கொள்வாரும் உளர். எவ்வாறாயினும் அது உணர்த்தும் பாடம் ஒன்றே. பூட்டு உறுதியாகத்தான் இருந்தது. திறந்து பார்த்துத் துடைத்து வைக்கவோ, படியெடுத்து வேறிடத்தில் வைக்கவோ எவருக்கும் பொறுப்பு அளிக்கப்படவில்லை. பூட்டி வைத்தல் வேறு, பேணுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. இன்றைய இணையத்தளங்களுக்கும் செல்லரிப்பு உண்டு. அது எவ்வழியில் நுழைகின்றது என்பதைக் காண்போம்.

ஊர் ஒன்று, பெயர் பல

இணையத்தில் ஒரு நிறுவனத்தின் முகவரியாக விளங்குவது தளப்பெயர். சிலர் இதனை டொமைன் என்றே வழங்குவர். கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே கடலோரத்தில் உள்ள பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பெயர்கள் உண்டு. எப்பெயரைச் சொல்லி வழி கேட்டாலும் சென்று சேரும் ஊர் ஒன்றே. அவ்வாறே ஒரே தளத்திற்குப் பல தளப்பெயர்கள் இருக்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு. ஓர் அறக்கட்டளையின்கீழ்க் கல்லூரி, மேனிலைப்பள்ளி, விடுதி, நூலகம், பழைய மாணவர் சங்கம் எனப் பல அமைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிற்கும் தனித் தளப்பெயர், தனி முகப்பு. ஆனால் உள்ளே இயங்கும் மென்பொருள் ஒன்றே. பக்கங்களை எழுதவும் படங்களைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் இத்தகைய மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்பர். வேர்டுபிரஸ், ட்ரூபல் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை, இலவசமாகக் கிடைப்பவை. உலகிலுள்ள இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டவை வேர்டுபிரஸ் கொண்டே இயங்குகின்றன. பல தளங்களை ஒரே நிறுவலில் நடத்தும் வசதி அம்மென்பொருளின் மூலப் பதிப்பிலேயே 2010-ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டது.

இம்முறையின் நன்மை வெளிப்படை. ஐந்து தளங்களுக்கு ஐந்து பேரை அமர்த்த வேண்டியதில்லை. ஒருமுறை செப்பனிட்டால் ஐந்தும் சீராகும். ஆனால் தில்லைக் கோயிலின் நான்கு கோபுர வாயில்களுள் எதன் வழியே நுழைந்தாலும் சென்று சேர்வது ஒரே வளாகம் அன்றோ? அதுபோல, விடுதித் தளத்தின் வழியே நுழைந்த திருடனும் கல்லூரியின் உள்ளறைக்கு வந்துவிட முடியும். வேர்டுபிரஸ் பல்தள அமைப்பில் பயனர் பட்டியல் எல்லாத் தளங்களுக்கும் பொது. செருகுநிரல்கள் எனப்படும் துணை மென்பொருள்களும் பொது. அனைத்திற்கும் மேலான அதிகாரம் பெற்ற தலைமை நிருவாகியின் கணக்கும் பொது. அந்த ஒரு கணக்கு களவுபோனால் ஒருங்கே அனைத்தும் போகும்.

கடலூரும் கண்ட முறை

பல்தள முறைக்குச் சான்று தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம், அரசு அலுவலகங்களுக்கெனப் பொதுவான ஓர் இணையத்தள அமைப்பை உருவாக்கியது. பாதுகாப்பானது, விரிவடையத்தக்கது, எளிதில் அணுகத்தக்கது என்னும் மூன்று பண்புகளைக் குறிக்கும் வகையில் அதற்கு எஸ்-3-வாஸ் என்று பெயரிட்டனர். நாடெங்குமுள்ள மாவட்ட நிருவாகங்களின் தளங்கள் இவ்வமைப்பில் உருவாயின. கடலூர் மாவட்டத் தளமும் அவற்றுள் ஒன்று. முன்னர் மாவட்டத்திற்கொரு வகையாக இருந்த தளங்கள் இன்று ஒரே ஒழுங்கில், மாநில மொழியிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பது பாராட்டுக்குரிய முன்னேற்றம்.

ஆயினும் 2024 மார்ச்சு மாதத்தில் வெளிவந்த ஒரு செய்தி நம் கவனத்திற்குரியது. இவ்வமைப்பின் மேகச் சேமிப்பகத்தில் அணுக்க உரிமைகள் தவறாக அமைக்கப்பட்டதால், குடிமக்களின் ஆதார் எண், கொரோனாத் தடுப்பூசி விவரம், கடவுச்சீட்டு விவரம் முதலியவை அடங்கிய கோப்புகள் எவரும் காணும் நிலையில் இருந்தன. தேடுபொறிகளிலும் அவை அகப்பட்டன. ஓர் ஆய்வாளர் 2022-ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டு அறிவித்திருந்தும், அதன் பின்னரும் கோப்புகள் சில வெளிப்பட்டவாறே இருந்தன என்று அச்செய்தி கூறிற்று. அது கடலூர்த் தளத்தைக் குறித்து எழுந்த குற்றச்சாட்டன்று. பொது அமைப்பைப் பற்றியது.

இங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை என்பதைக் கருத வேண்டும். பொதுமக்கள் காண வேண்டிய அறிவிப்பையும், அலுவலகத்திற்குள் இருக்க வேண்டிய பதிவேட்டையும் ஒரே பேழையில் வைத்ததால் நேர்ந்த தீங்கு அது. வல்லுநர் பலரைக் கொண்ட அரசுத் துறைக்கே இந்நிலை ஏற்படுமாயின், ஒரு கல்லூரியோ ஜமாஅத்தோ எத்துணை விழிப்போடு இருக்க வேண்டும்!

ஏழு மணி நேரம்

செப்பனிடும் பணியைத் தள்ளிப்போடுவதால் வரும் கேட்டிற்கு ட்ரூபல் ஒரு சான்று. 2014 அக்டோபர் 15-ஆம் நாள், அம்மென்பொருளின் 7-ஆம் பதிப்பில் பெரும் ஓட்டை ஒன்று இருப்பதாக அதன் பாதுகாப்புக் குழுவினர் அறிவித்து, அதனை அடைக்கும் திருத்தத்தையும் வெளியிட்டனர். இரண்டு வாரங்களுக்குப் பின் அவர்களே இன்னோர் அறிவிப்பு விடுத்தனர். முதல் அறிவிப்பு வெளியான ஏழு மணி நேரத்திற்குள் திருத்தம் செய்யப்படாத ஒவ்வொரு தளமும் பகைவர் கையில் விழுந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டுக் கணக்கில், முன்னிரவில் வந்த அறிவிப்பு. பஜ்ருத் தொழுகைக்கு அழைப்பொலி எழுவதற்குள் காலம் கடந்துவிட்டது!

“நம்முடையது சிறிய கல்லூரி, நம்மை யார் தாக்கப் போகிறார்கள்?” என்று கேட்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாக்குவோர் ஒவ்வொரு தளமாகத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. கணிப்பொறிகளே இடைவிடாது இணையமெங்கும் சுற்றி, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கின்றன. அவற்றிற்குப் பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்னும் வேறுபாடு இல்லை. புகுந்தபின், சூதாட்ட விளம்பரங்களை நம் பக்கங்களுக்குள் மறைத்து வைப்பதும், வருவோரை வேறு தளங்களுக்குத் திருப்பிவிடுவதும் வழக்கம். ஒரு முஸ்லிம் கல்லூரியின் பெயரைத் தேடும் பெற்றோருக்குச் சூதாட்ட அழைப்பு தோன்றுமானால், அந்த இழிவைத் துடைக்க எத்தனை ஆண்டுகள் ஆகும்?

ஆதலால் தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை முடுக்கி வைத்தல் வேண்டும். பயன்படாத செருகுநிரல்களை நீக்கிவிட வேண்டும். விலைக்கு விற்கும் வார்ப்புருக்களைத் திருட்டுப் படியாக எடுத்துப் பொருத்துவது அறவே கூடாது. அது ஹராமான வழி என்பதோடு, தீய நிரல்கள் நுழையும் வழியுமாகும்.

பெயருக்கு உரியவர் யார்?

திட்டமிடலின் முதற்படி தளப்பெயரின் உரிமை. ‘ஏசி டாட் இன்’ என்று முடியும் கல்விப் பெயர்களை எர்நெட் இந்தியா என்னும் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு மட்டுமே வழங்குகின்றது. அதற்குக் கல்லூரியின் ஆவணங்கள் வேண்டும். மற்றப் பெயர்களை எவரும் பணம் கட்டிப் பெறலாம். இங்கேதான் தவறு தொடங்குகின்றது. ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் பெயரைப் பதிவு செய்வார். படிப்பு முடிந்து ஊர் சென்றுவிடுவார். ஆண்டுக் கட்டண நினைவூட்டல் அவருடைய பழைய அஞ்சலுக்குச் செல்லும். கட்டாத பெயர் காலாவதியாகி ஏலத்திற்கு வரும். அதனை வாங்கியவர் நம் பெயரிலேயே வேண்டாதவற்றை வெளியிடலாம்.

வக்ஃபு நிலத்தின் பட்டா, முத்தவல்லியின் சொந்தப் பெயரில் இருக்கலாமா? கூடாது என்பதை நம் பெரியோர் நன்கறிவர். தளப்பெயருக்கும் அதே நெறிதான். அது நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்திற்குரிய மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். பதிவு செய்த நாள், முடியும் நாள், கட்டணம் செலுத்திய விவரம் ஆகியவை சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தை ஒப்படைப்பது போல இவற்றையும் எழுதி ஒப்படைக்க வேண்டும்.

பெயர்களைத் தெரிவதிலும் தொலைநோக்கு தேவை. தமிழக அரசு 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியது. எனினும் ‘தமிழ் வி.யு.’ என்னும் அதன் பழைய தளப்பெயர் கைவிடப்படவில்லை. ஆகவே பழைய சுட்டிகளைக் குறித்து வைத்திருந்தவர்கள் வழி தவறவில்லை. 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் மின்னூலகத்திற்கு மட்டும் தனித் தளப்பெயர் வைத்தனர். பணியின் தன்மை வேறானால் வீடும் வேறு. ஈழத்தில் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய நூலகம் திட்டமும் இவ்வாறே செய்தது. நூல்களும் இதழ்களும் ஒரு தளத்தில். நிழற்படம், ஒலிப்பதிவு, காணொலி முதலியவை ‘ஆவணகம்’ என்னும் வேறொரு தளத்தில், அதற்கேற்ற வேறொரு மென்பொருளில்.

ஒன்றாக்குவதும் பிரிப்பதும்

அவ்வாறாயின் எல்லாவற்றையும் ஒன்றாக்குவது நன்றா, தனித்தனியாக வைப்பது நன்றா? பொதுமக்கள் காணும் பக்கங்கள் அனைத்தும் ஒரே அமைப்பில் இருக்கட்டும் என்பதே என் கருத்து. கவனிப்பாரற்ற ஐந்து தனித் தளங்களைவிட, நன்கு பேணப்படும் ஒரு பொது அமைப்பு மேலானது. ஆனால் தனியார் விவரங்கள் அடங்கிய பதிவேடுகள் அதனுள் நுழையவே கூடாது. சேர்க்கை விண்ணப்பம், ஆதார்ப் படி, மதிப்பெண் பட்டியல், மாணவியர் நிழற்படங்கள், வங்கிக் கணக்கு எண் ஆகியவை வேறு சேவையகத்தில், வேறு கடவுச்சொல்லின்கீழ், பணி முடிந்ததும் அழிக்கப்படும் ஏற்பாட்டோடு இருத்தல் வேண்டும்.

இங்கே நம் சமுதாயம் சிறப்பாக எண்ண வேண்டிய ஒன்றுண்டு. கல்வி உதவித்தொகை பெற்றோர் பட்டியலையும், ஜகாத் நிதியால் பயன்பெற்றோர் பட்டியலையும் பெயர், தந்தை பெயர், தெரு, கைப்பேசி எண்ணோடு தளத்தில் ஏற்றிவிடுவது கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால்தான். ஆனால் வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பதைச் சிறப்பித்தது நம் மார்க்கம். உதவி பெற்ற மாணவி நாளை ஆசிரியையாகலாம், மருத்துவராகலாம். அவர் பெயரைத் தேடுவோர்க்கு முதலில் தோன்றுவது ஏழையர் பட்டியலா? எத்தனை பேர், எவ்வளவு தொகை என்னும் கணக்கை ஊரறிய வெளியிடலாம். யார் யார் என்பது தணிக்கையாளரிடம் இருக்கட்டும்.

சட்டமும் இதனை வலியுறுத்துகின்றது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களைத் திரட்டுவோர் அவற்றைக் காக்கும் கடமையையும் ஏற்க வேண்டும் என்கின்றது. 18 வயது நிறையாதோரின் விவரங்களுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பள்ளிகளை நடத்தும் நம் அறக்கட்டளைகள் இதனை இப்போதே கருத்திற்கொள்ள வேண்டும்.

சாவிகளும் படிகளும்

எல்லோருக்கும் எல்லாச் சாவியும் வேண்டியதில்லை. செய்தி எழுதும் மாணவருக்கு எழுதும் உரிமை போதும். வெளியிடும் உரிமை பொறுப்பாசிரியருக்கு. தலைமை நிருவாகியின் உரிமை இருவருக்கு மட்டும். தமிழ்த்துறைப் பக்கத்தைத் திருத்துபவர் விடுதித் தளத்தின் அமைப்பை மாற்ற வேண்டிய தேவையென்ன? கடவுச்சொல்லோடு, கைப்பேசியில் தோன்றும் மாறும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டைத் தலைமைக் கணக்குகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். பணி விட்டுச் செல்வோரின் கணக்கை அன்றே மூட வேண்டும். ஒவ்வொரு தளப்பெயருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு அதனை இலவசமாகவே வழங்குவதால், செலவைக் காரணம் காட்ட இயலாது.

இனி, காப்புப்படி. கடலூர் மாவட்டத்தாருக்கு இதன் தேவையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். இம்மூன்றையும் கண்டவர்கள் நாம். கல்லூரி அலுவலகக் கணிப்பொறியில் மட்டும் உள்ள படி, அலுவலகத்தோடு சேர்ந்தே நனையும். தளம் இருக்கும் சேவையகத்திலேயே வைத்த படி, தளத்தோடு சேர்ந்தே களவுபோகும். ஒரு படி சேவையகத்திற்கு வெளியே, மற்றொரு படி வெளியூரில் என்பதே முறை. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. படியுள்ள அச்சு நூல்களைப் பின்னர்த் தேடிப் பெற முடிந்தது. வேறு படியில்லாத சுவடிகள் போனவை போனவைதாம்.

படி காக்கும் நெறியை நம் வரலாறே கற்பிக்கின்றது. தொகுக்கப்பட்ட திருமறையின் மூலப்படி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் அதனைப் பெற்று, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) முதலானோரைக் கொண்டு படிகள் எடுப்பித்து, மூலத்தை அன்னையாரிடமே திருப்பியளித்து, படிகளைப் பல நகரங்களுக்கும் அனுப்பி வைத்தார்கள். பொறுப்பான ஒருவரிடம் மூலம்; ஒப்புநோக்கிய படிகள்; வெவ்வேறு இடங்கள். இன்றைய கணிப்பொறி வல்லுநர் கூறுவதும் இதுவே. எடுத்த படியை ஆண்டிற்கு இருமுறையேனும் வேறொரு கணிப்பொறியில் நிறுவிப் பார்க்க வேண்டும். திறக்காத படி இருந்தும் இல்லாததே.

தமிழ்த்துறையினர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று எழுத்துருச் சிக்கல். முற்காலத் தமிழ்த் தளங்கள் ஆளுக்கோர் எழுத்துருவில் இருந்தன. அவ்வெழுத்துரு இல்லாதார்க்கு அவை இன்று வெறுங்கிறுக்கல். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. நம் பழைய மலர்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஒருங்குறிக்கு மாற்றி ஏற்றுவதும் காத்தலின் ஒரு கூறே.

நிறைவாக

இவற்றிற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுமோ என்று நிருவாகிகள் அஞ்ச வேண்டியதில்லை. வேண்டியவை ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு மாற்று, ஒரு பதிவேடு, மாதம் ஒருமுறை அரை நாள் உழைப்பு, இவ்வளவே. கடலூர், சிதம்பரம் பகுதிகளில் உள்ள நம் கல்வி நிலையங்களும் ஜமாஅத்துகளும் ஒன்றுகூடித் தகுதியான வல்லுநர் ஒருவரைப் பொதுவாக அமர்த்தினால் சுமை இன்னும் குறையும். கணிப்பொறித்துறை மாணவர் காவலையும் தமிழ்த்துறை மாணவர் எழுத்தையும் கவனித்தால், அதுவே அவர்களுக்குச் சிறந்த பயிற்சியுமாகும்.

எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி வாளாவிருப்போர்க்கு, ஒட்டகத்தைக் கட்டி வைத்தபின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நினைவூட்டுவோம். வரும் கல்வியாண்டு தொடங்குமுன், நம் நிறுவனங்கள் ஒவ்வொன்றின் நிருவாகக் கூட்டத்திலும் மூன்று வினாக்கள் எழட்டும்: நம் தளப்பெயர் யார் பெயரில் உள்ளது? அதன் சாவி யாரிடம் உள்ளது? அதன் படி எங்கே உள்ளது? மூன்றிற்கும் எழுத்தில் விடை கிடைக்கும் நாளே நம் தளத்தின் உண்மையான திறப்பு விழா நாள். அதற்கான ஊக்கத்தையும் உறுதியையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!